அண்ணன் கத்தார்ல, வரைவு வாக்காளர் பட்டியல்ல பேரு இல்ல – ஃபார்ம் 6-ஆ 6ஏ-வா? (கூடலூர் தொகுதி)

பந்தலூர்_தங்கச்சி:
வணக்கம், விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க. என் அண்ணன் கத்தார்ல வேலை பாக்கறான். எஸ்ஐஆர் (வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிர திருத்தம்) ஃபார்ம் குடுக்க பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வந்தப்ப அம்மா "அவன் வெளிநாட்டுல இருக்கான் சார்"னு சொல்லிருக்காங்க, அவ்ளோதான், 2025 டிசம்பர் 19 வந்த வரைவு பட்டியல்ல எங்க எல்லார் பேரும் இருக்கு அவன் பேரு மட்டும் இல்ல, நீக்குன லிஸ்ட்ல பாத்தா இடம் மாறிப் போயிட்டான்னு காரணம் போட்டிருக்கு. இப்ப ஃபார்ம் 6 போடணுமா 6ஏ போடணுமா, ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இன்னொரு சிக்கல், அவன் பாஸ்போர்ட்ல இருக்கறது பழைய லயன் வீட்டு (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடு) அட்ரஸ். அப்பா ரிட்டையர் ஆனதும் அந்த வீட்ட காலி பண்ணிட்டோம், இப்ப அங்க வேற குடும்பம் இருக்கு.

நாங்க சிலோன்ல இருந்து வந்த குடும்பம். அப்பா பொறந்தது அட்டன் பக்கம், அண்ணன் பொறந்தது 1990ல இங்கதான். இந்தியன்னு நிரூபிக்க அப்பாவோட பேப்பர் கேப்பாங்களா? வீட்டுல இருக்கறது தாத்தாவோட பழைய இந்திய பாஸ்போர்ட்டும் சிலோன்ல இருந்து வந்தவங்கள தங்க வெச்ச மண்டபம் கேம்ப்ல குடுத்த குடும்ப கார்டும்தான். அந்த பாஸ்போர்ட்ல தாத்தா பாட்டி புள்ளைங்க எல்லாரும் ஒரே போட்டோல நிக்கறாங்க, மேல கண்டி சீல், ஆனா ஓரத்துல கரையான் அரிச்சு அப்பா பொறந்த வருஷம் பாதிதான் தெரியுது. அம்மா இதையெல்லாம் பாயில பரப்பி வெச்சிட்டு ராத்திரி தூங்கவே இல்ல.

தேவாலா_மழை:
இதுக்கு எதுக்கு இவ்ளோ யோசன, ஃபார்ம் 6 போட்டு ஆதார வெச்சு விடுங்க, எங்க பக்கத்து வீட்டுல அப்படித்தான் பண்ணாங்க.

ஊட்டி_நண்பன்:
வேண்டாம்மா, அப்படி பண்ணாதீங்க. ஃபார்ம் 6 உள்ளூர்ல குடியிருக்கறவங்களுக்கு, அதுல நான் இந்த வீட்டுலதான் வசிக்கறேன்னு உறுதிமொழி குடுக்கணும், பொய்யா குடுத்தா 1950 மக்கள் பிரதிநிதித்துவ சட்டம் 31வது பிரிவுல ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல அபராதம், ரெண்டும் கூட உண்டு. உங்க அண்ணனுக்கு சரியானது 6ஏ தான். வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு போயி அந்த நாட்டு குடியுரிமை வாங்காத இந்தியர்களுக்குன்னே அதே சட்டத்துல 20ஏ பிரிவு கொண்டு வந்தாங்க, 2011ல இருந்து அமல்ல இருக்கு. ஆதார் ஆள் யாருன்னு காட்டத்தான், குடியுரிமைக்கு ஆதாரம் இல்ல, பீகார் எஸ்ஐஆர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 2025 செப்டம்பர்ல ஆதார ஏத்துக்க சொன்னப்பவும் அடையாளத்துக்குன்னுதான் சொன்னாங்க. 6ஏ-ல பாஸ்போர்ட்தான் எல்லாமே. போட்டோ, அட்ரஸ் இருக்கற பக்கங்களும் விசா பக்கமும் வேணும், செல்லுபடியாகுற விசாவா இருக்கணும். தேர்தல் கமிஷன் ஓட்டர் போர்ட்டல்ல அவனே அங்கருந்து ஏத்தலாம், தபால்ல அனுப்புனா ஒவ்வொரு காப்பிலயும் அவன் கையெழுத்து இருக்கணும்.

லயன் அட்ரஸ் பத்தி: சட்டப்படி பாஸ்போர்ட்ல என்ன இந்திய அட்ரஸ் இருக்கோ அந்த தொகுதிலதான் பேரு சேப்பாங்க. பழைய லயனும் கூடலூர் தொகுதிக்குள்ளதான் வருதுன்னா தொகுதி மாறாது. ஆனா பிஎல்ஓ அந்த வீட்டுக்குத்தான் விசாரிக்க போவாரு, அங்க இருக்கறவங்க தெரியாதுன்னு சொல்லிட்டா திரும்ப இதே கதை ஆயிடும், அதனால நீங்களே முன்னாடி போயி பிஎல்ஓவ பாத்து நாங்கதான் அவன் குடும்பத்து ஆளுங்க, இப்ப இந்த அட்ரஸ்ல இருக்கோம்னு நம்பர் குடுத்துட்டு வந்துடுங்க.

பந்தலூர்_தங்கச்சி:
ரொம்ப நன்றிண்ணா. பிஎல்ஓ ஒத்துக்கலன்னா?

ஊட்டி_நண்பன்:
சொந்தக்காரங்க யாரும் இல்லன்னாலோ அதிகாரிக்கு திருப்தி இல்லன்னாலோ பேப்பர அந்த நாட்டுல இருக்கற நம்ம தூதரகத்துக்கு அனுப்பி சரிபாக்கணும்னு விதியே இருக்கு, உங்களுக்கு அது தோஹா. அட்ரஸ் தெரியலன்னு ஒரே வார்த்தைல தள்ள முடியாது, தள்ளுனா எழுத்துல காரணம் கேளுங்க. சந்தேகம்னா தேர்தல் கமிஷன் ஹெல்ப்லைன் 1950க்கு போன் போடுங்க.

கோத்தகிரி_தாத்தா:
பாப்பா, நானும் சிலோன்ல இருந்து கப்பல்ல ராமேஸ்வரம் வந்து எறங்குனவன்தான், உங்கம்மாவ மொதல்ல தூங்கச் சொல்லு. 1964ல சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துல 5,25,000 பேர இந்தியா ஏத்துக்கிறதுன்னு கையெழுத்து போட்டாங்க. நம்ம ஆளுங்க களவா வந்தவங்க இல்ல, அங்கயே இந்திய பிரஜையா பதிஞ்சு பாஸ்போர்ட் குடுத்துத்தான் அனுப்புனாங்க, உங்க தாத்தா கையில இருக்கறது அதுதான். எஸ்ஐஆர் ஆவண லிஸ்ட்லயே பதிவு மூலமா குடியுரிமை வாங்குனவங்க பதிவு சான்ற வெக்கலாம்னு இருக்கு. ஒரிஜினல யார் கேட்டாலும் கையில குடுத்துடாத, காட்டிட்டு வாங்கிக்க. இன்னைக்கே கலர்ல காப்பி எடுத்து வை, கரையான் மிச்சத்தையும் தின்னுடும்.

இன்னொண்ணு, முன்னாடி எஸ்ஐஆர் நடந்த 2002, 2005 பழைய வாக்காளர் பட்டியல்ல உங்கப்பா பேரு இருக்கான்னு பாரு. இருந்தா பாகம் எண், வரிசை எண் குறிச்சு வை. உங்கண்ணன் 1987 ஜூலைக்கும் 2004 டிசம்பருக்கும் நடுவுல பொறந்தவன், அவனுக்கு அப்பா அம்மால ஒருத்தர் இந்தியன்னு காட்டுனா போதும், விசாரணைன்னு கூப்டா அந்த ஒரு வரி பெரிய பலம்.

1948ல அங்க சட்டம் போட்டு நம்ம குடியுரிமைய புடுங்குனாங்க, அடுத்த வருஷமே ஓட்டும் போச்சு. அதனால சொல்றேன், ஒரு பேருதானேன்னு விட்டுடாதீங்க, பேரு வர்ற வரைக்கும் விடாம நில்லுங்க.

குன்னூர்_சுதா:
நடுவுல ஒரு டவுட், என் தங்கச்சி கனடால பிஆர் (நிரந்தரமா தங்கற அனுமதி) வாங்கிட்டா, அவளுக்கும் 6ஏ தானா? அவ நாத்தனார்கிட்ட ஓசிஐ (வெளிநாட்டு குடியுரிமை வாங்குன இந்திய வம்சாவளிக்கு குடுக்கற) கார்டு இருக்கு, அவங்களுக்கு?

ஊட்டி_நண்பன்:
பிஆர் குடியுரிமை இல்ல, இந்திய பாஸ்போர்ட் இருக்கற வரைக்கும் 6ஏ போடலாம். ஓசிஐ இருக்குன்னா ஏற்கனவே வேற நாட்டு பிரஜை, இங்க ஓட்டு கிடையாது.

பந்தலூர்_தங்கச்சி:
அப்பா பேரு பழைய பட்டியல்ல கெடச்சிருச்சு!! அம்மா அந்த வரிய போன்ல பெருசாக்கி பாத்துட்டே இருக்காங்க. அண்ணன் அங்கருந்தே 6ஏ ஏத்திட்டான், ரெஃபரன்ஸ் நம்பர் வந்துருச்சு, பிஎல்ஓவையும் பாத்து பேசிட்டேன், நம்பர் எழுதிக்கிட்டாரு. தாத்தா, நீங்க சொன்ன மாதிரி காப்பி எடுத்து லேமினேஷன் பண்ண குடுத்துருக்கேன். பேரு வந்துட்டா அவன் அங்கருந்தே ஓட்டு போடலாமா?

ஊட்டி_நண்பன்:
முடியாதும்மா, அதுதான் எனக்கு வயித்தெரிச்சலே. நேர்ல அந்த பூத்துக்கு வந்து ஒரிஜினல் பாஸ்போர்ட்ட காட்டித்தான் போடணும், வெளிநாட்டு வாக்காளருக்கு ஓட்டர் ஐடி குடுக்க மாட்டாங்க. பதிலாள் மூலமா போடலாம்னு ஒரு மசோதா 2018ல லோக்சபால பாஸ் ஆச்சு, ராஜ்யசபால நிறைவேறாம காலாவதி ஆயிடுச்சு. கல்ஃப்ல மாச சம்பளத்துல இருக்கற பையன் ஒரு ஓட்டுக்கு டிக்கெட் போட்டு வரணும்ங்கறது நியாயமே இல்ல. அவன் ஊருக்கே திரும்பி வந்துட்டா அத எழுதி குடுத்துட்டு அப்ப ஃபார்ம் 6 போட்டுக்கலாம்.

கோத்தகிரி_தாத்தா:
லேமினேஷன் பண்ணது காப்பிதானே பாப்பா? ஒரிஜினல்னா உடனே போயி நிறுத்து, சூட்டுல அந்த பழைய தாளு போயிடும்.

பந்தலூர்_தங்கச்சி:
காப்பிதான் தாத்தா, ஒரிஜினல் அம்மா பீரோல பூட்டிட்டாங்க. எலக்ஷன் தேதி சொன்னதும் லீவு கேட்டுப் பாக்கறேன்னு அண்ணன் சொல்லிருக்கான்.