போல்ட்டைத் தளர்த்தியும் ஹேண்டில்பார் அசையவில்லை, உதவுங்கள்

கேள்வி:
வீடு பெசன்ட் நகரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. பழைய இரும்பு எம்டிபி (மலைப்பாதை வகை) சைக்கிள். சனிக்கிழமை ஊருக்குப் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். ஹேண்டில்பாரைக் கழற்றினால்தான் அட்டைப்பெட்டிக்குள் அடங்கும். உச்சியில் இருக்கும் ஒரே போல்ட்டை 6 எம்எம் ஆலன் கீ போட்டுத் தளர்த்திவிட்டேன். போல்ட் லூசாகச் சுற்றுகிறது, ஹேண்டில்பார் இம்மிகூட அசையவில்லை. கீழே பெரிய நட்டு ஒன்று தெரிகிறது, அதைக் கழற்றவா?

பதில்:
ஐயோ, அந்த நட்டைத் தொடாதீர்கள் தம்பி! அது முன்சக்கரத்தைத் தாங்கும் கவையை, அதாவது போர்க்கைப் பிடித்திருப்பது. கழற்றினால் பால்ரஸ் குண்டெல்லாம் கொட்டிவிடும். உங்களுடையது க்வில் ஸ்டெம், அதாவது ஹேண்டில்பாரைத் தாங்கியபடி போர்க்கின் குழாய்க்குள் இறங்கும் தண்டு. குழாய்க்குள் போல்ட்டின் அடியில் சாய்வாக வெட்டிய ஆப்பு ஒன்று இருக்கும். அதுதான் இன்னும் கவ்விக்கொண்டிருக்கிறது. போல்ட்டை முழுக்க உருவாதீர்கள்; தலை அரை சென்டிமீட்டர் எழும்பி நின்றால் போதும். அதன்மேல் மரத்துண்டு வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். 'டொக்' என்று தலை உள்ளே இறங்கினால் ஆப்பு விட்டது என்று அர்த்தம்.

(நான்கு போல்ட் முகப்புத் தகடு உள்ள புது சைக்கிள் என்றால் அந்த நான்கை மட்டும் கழற்றினால் ஹேண்டில்பார் கையோடு வரும், உச்சி மூடியைத் தொட வேண்டாம்.)

கேட்டவர்:
தலை இறங்கிவிட்டது அண்ணா. ஸ்டெம் இன்னும் வரவில்லை.

இன்னொருவர் பதில்:
கடல்காற்று பட்ட சைக்கிளில் இதுதான் வழக்கம். ஸ்டெம் குழாய்க்குள் நுழையும் இடத்தில் துருநீக்கி ஸ்பிரே அடியுங்கள். அப்புறம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, போர்க்கின் அடியில் துளை இருந்தால் அதன் வழியாகவும் அடித்து, ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் முன்சக்கர பிரேக்கின் (வி-பிரேக்) கேபிளை விடுவித்து, முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிக்கொண்டு இடமும் வலமுமாகத் திருகுங்கள். நேராக மேலே இழுத்தால் வராது. திருகித் திருகித்தான் மேலேற்ற வேண்டும்.

கேட்டவர்:
வந்துவிட்டது! முதலில் கிறீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஸ்டெம் முழுக்கக் காப்பித்தூள் மாதிரி துரு. இருவருக்கும் ரொம்ப நன்றி.

முதலில் பதிலளித்தவர்:
சந்தோஷம் தம்பி. அந்தத் துருவை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, ஊரில் மாட்டும்போது கிரீஸ் தடவுங்கள். ஸ்டெம்மில் குறைந்தபட்ச ஆழக் கோடு பொறித்திருக்கும். அது வெளியே தெரியாத அளவுக்கு உள்ளே போக வேண்டும். இறுக்கிய பிறகு சக்கரத்தை முழங்காலில் பிடித்துத் திருகிப் பாருங்கள். ஹேண்டில்பார் தனியாகத் திரும்பினால் ஏறி ஓட்டாதீர்கள்.