ஃபிளவர்ஹார்ன், பேரட் மீன்களை ஜோடி சேர்த்தவர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்

மூணு டேங்க்:
நானே ஆரம்பிக்கிறேன். நாலடி டேங்க், நடுவில் தடுப்பு, ஃபிளவர்ஹார்ன் ஜோடி. பத்து நாளில் பெண்ணுக்கு முட்டைக்குழாய் வெளியே தெரிந்தது, முட்டையிட வைத்த டைலை வாயால் துடைக்கவும் தொடங்கியது. சரி, நேரம் வந்தாச்சு என்று தடுப்பை எடுத்தேன். அந்த நேரம் பார்த்துக் கீழே காஸ் சிலிண்டர். பணம் கொடுத்துவிட்டு ஏறி வர ஐந்து நிமிடம் இருக்குமா? பெண் ஸ்பான்ஜ் ஃபில்டருக்குப் பின்னால் தலைகுப்புற நிற்கிறது, ஒரு பக்கம் செதிலே இல்லை. நம்ம ஆள் கண்ணாடியில் முட்டி என்னிடம் தீனி கேட்கிறான்! தலையில் புடைத்த கொண்டையை ஆட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி. அந்த மூஞ்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பேரட் வீட்டு அக்கா:
என்னுடையது ப்ளட் பேரட். ஆண்கள் பெரும்பாலும் மலடு என்று தெரிந்துதான் வாங்கினேன். பூந்தொட்டிக்குள் முட்டை போட்டன, மறுநாளே எல்லாம் வெள்ளை. ஆண் விடாமல் துடுப்பால் முட்டைக்கு விசிறிக்கொண்டே இருந்தது. பெண் வெளுத்த முட்டையைப் பொறுக்கப் பார்க்கிறது, அதற்குத்தான் வாய் முழுசாக மூடாதே, நழுவி நழுவி விழுகிறது. மூன்று நாள். "பாவம், எடுத்துப் போட்டுடேன்" என்றார் மாமியார். கை வரவில்லை. நாலாம் நாள் காலையில் பூந்தொட்டி காலி, தின்றுவிட்டன போல. அடுத்த மாதம் அதே தொட்டியில் மறுபடி.

புது மீன்:
அக்கா, மெத்திலீன் ப்ளூ மருந்து விட்டிருந்தால் பாதியாவது பொரிந்திருக்குமே. எனக்குப் பொரிந்தது.

பழைய கை:
தம்பி, கரு சேராத முட்டைக்கு மெத்திலீன் ப்ளூ என்ன செய்யும்? அது பூஞ்சை பரவாமல் இருக்கத்தான். கரு சேர்ந்த முட்டை தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும், சேராதது ஒரே நாளில் சுண்ணாம்பாகிவிடும். அக்காவின் முட்டை பிழைத்திருக்காது, வீணாக ஆசை காட்டாதே.

மூணு டேங்க், தடுப்பை எதற்கு எடுத்தீர்கள்? கண்ணாடித் தடுப்புக்குப் பதில் கட்டம் கட்டமாக ஓட்டை உள்ள எக் கிரேட் வையுங்கள். டைல் பெண் பக்கம், தடுப்பை ஒட்டி. பவர்ஹெட்டை, அதாவது தண்ணீர் தள்ளும் சின்ன மோட்டாரை, ஆண் பக்கம் வைத்துத் தண்ணீரைப் பெண் பக்கம் தள்ளவிடுங்கள், விந்து அதோடு போய்ச் சேரும். அவன் அவளைத் தொடவே வேண்டாம். 28, 29 டிகிரியில் மூன்று நாளில் பொரியும், இன்னும் நாலைந்து நாளில் நீந்தும், அப்புறம்தான் ஆர்ட்டீமியா, அந்தப் பொடி இறால் தீனி. முன்னாடியே போட்டால் தண்ணீர்தான் கெடும். என் கதையா? ஒரே ஜோடி, இரண்டாம் தடவை குஞ்சு எடுத்தேன். அவ்வளவுதான்.

மூணு டேங்க்:
நான் யோசனை கேட்கவே இல்லையே சார். அந்தப் பெண் மீன் அன்று ராத்திரியே செத்துவிட்டது.

ரெட்டேரி பக்கம்:
குஞ்சு எடுப்பது பெரிய விஷயமில்லை, அதுக்கப்புறம் இருக்கிறது சங்கதி. எனக்கு ஃபிளவர்ஹார்ன் குஞ்சு முந்நூறுக்கு மேல் வந்தது. நாலு மாதம் வளர்த்தும் கொண்டை எழும்பியது ஐந்துக்குத்தான், அவற்றைக் கொளத்தூரில் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். மீதி எல்லாம் சாம்பல், கறுப்புப் புள்ளி. "இது நம்ம ஜிலேபிக் கெண்டை மாதிரிதானேடா இருக்கு, பொரிச்சா என்ன?" என்றார் அப்பா. கிண்டலில்லை, நிஜமாகவே கேட்டார். சாதி என்று பார்த்தால் அவர் சொன்னது சரிதான், இரண்டும் சிக்லிட் என்ற ஒரே மீன் குடும்பம்.

ஒருநாள் ராத்திரி வாளியில் அள்ளிக்கொண்டு ஏரிக்கரை வரை போய்விட்டேன். குனிந்து வாளியைச் சாய்க்கப் போகும்போது அத்தனையும் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தன. தீனி என்று நினைத்துவிட்டன. இது எந்த ஆற்றிலும் பிறந்த மீன் இல்லை, 1990களில் மலேசியாவில் தொட்டியில் கலந்து உண்டாக்கியது. உள்ளே விட்டால் அங்கே இருக்கிற குஞ்சு குளுவான் ஒன்றைக்கூட விட்டுவைக்காது. திரும்பித் தூக்கிக்கொண்டு வந்தேன், வழியெல்லாம் பேன்ட் நனைந்தது.

இப்போது மாடியில் இரண்டு நீல டிரம்மில் இருக்கின்றன. ஒன்றையொன்று கடித்துக்கொண்டது போக இன்று காலை எண்ணியது 41. யாருக்காவது வேண்டுமா? காசு வேண்டாம், வாளி மட்டும் கொண்டு வாருங்கள்.