"முதல் பெண்" என்ற பட்டத்தோடு நின்றுவிடாமல் கறுப்பினப் பெண் முன்னோடிகளைப் பற்றிப் பேசுவது எப்படி?

மலர்விழி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் கறுப்பினப் பெண் முன்னோடிகளைச் சிறப்பிக்கும் நிகழ்வு ஒன்றை நடத்தவிருக்கிறோம். தொகுத்துப் பேசும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பெயர்ப் பட்டியல் எளிதாகவே கிடைத்துவிடுகிறது. 1921இல் விமானி உரிமம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் பெஸ்ஸி கோல்மன், 1968இல் அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண் ஷெர்லி சிசம், 1992இல் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் மே ஜெமிசன் என்று அடுக்கிக்கொண்டே போகலாம்.

என் தயக்கம் வேறு. "முதல் பெண்" என்று அறிவித்துக் கைதட்டிவிட்டு அடுத்த பெயருக்குத் தாவினால், அவர்கள் செய்த வேலை என்ன, அதை யாருடன் சேர்ந்து செய்தார்கள், அதற்காக எதை இழந்தார்கள், அதில் இன்றும் நிலைத்து நிற்பது எது என்பதெல்லாம் கேட்பவர் மனத்தில் பதியாமலே போய்விடும். பட்டத்தைவிட வேலையை முன்னிறுத்திப் பேச வேண்டுமென்றால் யாரை எடுத்துக்கொள்ளலாம், எந்த இடத்திலிருந்து தொடங்கலாம்? இந்த வரலாற்றை ஊன்றிப் படித்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கடலோடி:

வணக்கம், மலர்விழி. உங்கள் தயக்கம் நியாயமானது. நான் செப்டிமா கிளார்க்கிலிருந்து தொடங்குவேன். அவர் பெயருக்கு முன்னால் சூட்டுவதற்கு எளிதான "முதல்" எதுவும் இல்லை என்பதே அதற்கு ஒரு காரணம்.

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் 1898இல் பிறந்த அவர், அந்நகரின் அரசுப் பள்ளிகள் கறுப்பின ஆசிரியர்களை நியமிக்க மறுத்த காலத்தில், அருகிலிருந்த ஜான்ஸ் தீவில் ஆசிரியப் பணியைத் தொடங்கினார். சுமார் 40 ஆண்டுகள் கற்பித்த பின், 1956இல் தென் கரோலினா அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தில் அரசு ஊழியர் எவரும் உறுப்பினராக இருக்கக் கூடாது என்பதே அச்சட்டம். உறுப்பினராக இருப்பதை மறைத்திருந்தால் அவர் வேலையில் நீடித்திருக்கலாம். மறைக்க மறுத்தார். வேலை போனது, ஓய்வூதியமும் போனது. அந்த ஓய்வூதியம் திரும்பக் கிடைக்க 1976 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆனால் நிகழ்வில் நீங்கள் விரித்துச் சொல்ல வேண்டியது அதற்குப் பின் நடந்ததை. அந்த மாநிலத்தில் வாக்காளராகப் பதிவுசெய்ய வருபவர், அரசமைப்புச் சட்டத்தின் ஒரு பகுதியை அக்காலத்தில் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட மக்களிடம் படித்துக் காட்டச் சொல்வது, வாக்குரிமையைக் கேட்காமலே பறித்துக்கொள்ளும் வழி. அதற்கு விடையாக 1957 ஜனவரியில் ஜான்ஸ் தீவில், ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் முதல் குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. முன்பக்கம் கடை இருந்ததால் உள்ளே என்ன நடக்கிறது என்பது வெள்ளையர் கண்ணில் படவில்லை.

அங்கே முதலில் கற்பித்தவர் பெர்னிஸ் ராபின்சன் என்ற அழகுக்கலைஞர். கிளார்க்கின் உறவினர். ஆசிரியப் பயிற்சி எதுவும் பெறாதவர். பயிற்சி பெற்ற ஆசிரியரைவிட அவரே பொருத்தமானவர் என்று கிளார்க் கருதியதற்குக் காரணம் உண்டு. மக்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவர் அவர். அவருடைய வாடிக்கையாளர்கள் கறுப்பினப் பெண்களே என்பதால், வெள்ளை முதலாளி எவரும் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட முடியாது. வந்து அமர்ந்த பெரியவர்களிடம், உங்களுக்கு என்ன கற்க வேண்டும் என்று அவர் முதலில் கேட்டார். தம் பெயரை எழுத வேண்டும், பைபிளைப் படிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். பாடங்கள் அவற்றிலிருந்தே உருவாயின. பெயர் எழுதிய அட்டையின் மேல், எழுத்தின் வடிவம் கைக்குப் பழகும்வரை திரும்பத் திரும்ப எழுத வைத்தார்கள். பிறகு அதே வகுப்பில் வரி, சமூகப் பாதுகாப்பு, வாக்காளர் பதிவு ஆகியவற்றையும் பேசினார்கள்.

1961இல் மார்ட்டின் லூதர் கிங்கின் தென்னகக் கிறித்தவத் தலைமை மாநாடு என்ற அமைப்பு இத்திட்டத்தை ஏற்றுக்கொண்டது. அங்கே படித்தவர்களில் பலர் தம் ஊருக்குத் திரும்பி ஆசிரியரானார்கள். தென் மாநிலங்கள் முழுவதும் ஊர் ஊராகப் பரவிய வாக்குரிமை இயக்கத்துக்கு அடித்தளமாக இருந்தவை இந்த வகுப்புகள்தாம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். இருந்தும், அந்த அமைப்பின் தலைமையில் இருந்த ஆண்கள் பெண்களின் கருத்துக்கு உரிய இடம் தரவில்லை என்பதைக் கிளார்க் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். சிறப்பிக்கும் நிகழ்வு என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள்.

இளவேனில்:

கடலோடி அவர்கள் சொன்னதோடு அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் நடந்த பேருந்துப் புறக்கணிப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். ரோசா பார்க்ஸ் பேருந்தில் இடம்விட மறுத்து 1955 டிசம்பர் 1 அன்று கைதானதை எல்லோரும் அறிவோம். அதற்கு முன், அதே ஆண்டு மார்ச் 2 அன்று, கிளாடெட் கோல்வின் என்ற 15 வயதுப் பள்ளி மாணவி பேருந்தில் இடம்விட மறுத்துக் கைது செய்யப்பட்டார். பேருந்தில் இனம் பிரித்து அமர்த்துவது சட்டவிரோதம் என்று 1956இல் தீர்ப்பு வாங்கிய வழக்கில் வாதிகளாக நின்ற நான்கு பெண்களில் கோல்வினும் ஒருவர். ரோசா பார்க்ஸ் அவ்வழக்கில் வாதியாக இருக்கவில்லை.

பார்க்ஸ் கைதான அன்றிரவு நடந்ததையும் சொல்ல வேண்டும். அலபாமா மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த ஜோ ஆன் ராபின்சன், மகளிர் அரசியல் பேரவையின் தலைவர். பேருந்து ஓட்டுநர் ஒருவரிடம் 1949இல் அவமானப்பட்டவர். இந்நிலை நீடித்தால் புறக்கணிப்பு வரும் என்று 1954 மே மாதத்திலேயே நகர மேயருக்குக் கடிதம் எழுதி எச்சரித்தவர். அன்றிரவு அவர் கல்லூரிக்குச் சென்று, சக ஆசிரியர் ஒருவர், மாணவர் இருவர் துணையுடன், சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கைகளை விடியும்வரை அச்சடித்தார். திங்கட்கிழமை யாரும் பேருந்தில் ஏற வேண்டாம் என்பது செய்தி. மறுநாளே அது நகரெங்கும் போய்ச் சேர்ந்தது. கல்லூரி அரசுடையது. தெரிந்தால் வேலை போகும். ஆகவே அவர் தம் பெயரை முன்னால் வைக்கவே இல்லை.

புறக்கணிப்பு 381 நாட்கள் நடந்தது. அத்தனை நாட்களும் மக்களை வேலைக்கு ஏற்றிச்சென்ற கார்களுக்குப் பெட்ரோல் போட வேண்டுமே! ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரர், வறுத்த கோழியும் கேக்கும் செய்து விற்று நிதி திரட்டும் பெண்கள் குழு ஒன்றைத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயரின் பொருள் "எங்கிருந்தும் வராதவர்கள் சங்கம்". வெள்ளையர் வீடுகளில் வேலை செய்யும் பெண்கள் பணம் கொடுத்தது யாருக்கும் தெரியக் கூடாது. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் வரவில்லை என்று உண்மையாகவே சொல்லிவிடலாம். தலைவர்களின் உரைகளைப் பாடநூல்கள் மனப்பாடமாகச் சொல்கின்றன. இந்த அடுப்படி வேலையும் அவற்றுக்கு இணையான அரசியல் வேலைதான் என்பதை உங்கள் நிகழ்விலாவது யாரேனும் சொல்ல வேண்டும்.

பழைய ஏடு:

நிகழ்வுக்குத் திரையிடல் தயாரிப்பதாக இருந்தால் இரண்டு எச்சரிக்கைகள்.

ரெபெக்கா லீ கிரம்ப்ளர், 1864இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். உள்நாட்டுப் போர் முடிந்ததும் ரிச்மண்ட் சென்று, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்களுக்கு மருத்துவம் செய்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வரும் நோய்களைக் குறித்து 1883இல் நூல் வெளியிட்டார். அவருடையது என்று உறுதிசெய்யப்பட்ட ஒளிப்படம் ஒன்றுகூட இல்லை. இணையத்தில் அவர் பெயரோடு உலவும் படங்களில் ஒன்று, 1879இல் செவிலியர் பயிற்சி முடித்த மேரி எலைசா மஹோனியுடையது. ஒரு முன்னோடியைச் சிறப்பிக்க இன்னொரு முன்னோடியின் முகத்தை எடுத்து ஒட்டுவது இருவருக்கும் செய்யும் அநீதி.

அடுத்தது சோஜர்னர் ட்ரூத். அடிமையாகப் பிறந்து, அடிமை ஒழிப்புக்காகவும் பெண்ணுரிமைக்காகவும் பேசியவர். ஓஹியோவின் ஆக்ரனில் 1851இல் அவர் ஆற்றிய உரை என்று "நானும் பெண்ணல்லவா" என்ற வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லும் வடிவம் பரவியிருக்கிறது. அது 12 ஆண்டுகள் கழித்து வேறொருவர் எழுதி வெளியிட்டது. உரை நிகழ்ந்த சில வாரங்களில் செய்தித்தாளில் வந்த வடிவத்தில் அந்த வரி இல்லை. பிற்கால வடிவம் அவருக்குத் தென்னகத்து அடிமைகளின் பேச்சுவழக்கையும் ஏற்றிவிட்டது. அவரோ நியூயார்க் மாநிலத்தில் டச்சு மொழி பேசி வளர்ந்தவர். அந்த வரியை விட, அலபாமாவுக்குச் சட்டவிரோதமாக விற்கப்பட்ட தம் மகனை மீட்க அவர் நீதிமன்றம் ஏறி, 1828இல் வென்றதைச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத, அடிமைத்தனத்திலிருந்து அண்மையில்தான் வெளியேறிய ஒரு தாய், வெள்ளையர் ஒருவரை எதிர்த்து அமெரிக்க நீதிமன்றத்தில் வென்றார் என்பது எந்த மேற்கோளுக்கும் குறைந்ததல்ல.

மலர்விழி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கிரம்ப்ளர் படத்தை நீக்கிவிடுகிறேன். இன்னும் இரண்டு கேட்க வேண்டும். பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸைப் பற்றிக் குறைந்த நேரத்தில் எதைச் சொல்வது? ஆப்பிரிக்கக் கண்டத்தின் பெண்களையும் சேர்க்க விரும்புகிறேன். அவர்களில் யாரைச் சேர்க்கலாம்?

கடலோடி:

வெல்ஸைப் பொறுத்தவரை அவர் வேலை செய்த முறையைச் சொல்லுங்கள். மெம்ஃபிஸில் 1892இல், மளிகைக்கடை நடத்திய அவருடைய நண்பர் தாமஸ் மாஸும் வேறு இருவரும் வெள்ளையர் கும்பலால் கொல்லப்பட்டனர். வெள்ளையர் கடைக்குப் போட்டியாக அவர்கள் கடை வளர்ந்ததுதான் அதன் பின்னணி. பெண்களைக் காப்பதற்காகவே கும்பல் கொலைகள் நடக்கின்றன என்று அந்நாளில் பரப்பப்பட்ட பொய்யை வெல்ஸ் அதற்குப் பிறகு ஒவ்வொரு வழக்காக எடுத்துத் தகர்த்தார். எண்ணிக்கைகளை வெள்ளையரின் செய்தித்தாள்களிலிருந்தே எடுத்தார். மிகைப்படுத்துகிறார் என்று யாரும் தள்ளிவிட முடியாது. அவர் ஊரில் இல்லாத நேரத்தில் அவருடைய பத்திரிகை அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. திரும்பினால் உயிர் தங்காது என்ற நிலையிலும், வடக்கிலிருந்தும் இங்கிலாந்து சென்றும் தொடர்ந்து எழுதினார், பேசினார்.

கும்பல் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் மசோதா காங்கிரஸில் முதலில் வந்தது 1900இல். சட்டமானது 2022இல். பத்திரிகைத் துறைப் பரிசுகளுக்குப் பெயர்பெற்ற புலிட்சர் அமைப்பு வெல்ஸுக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது 2020இல், அவர் மறைந்து 89 ஆண்டுகள் ஆன பின். இந்த ஆண்டுகளை அடுத்தடுத்துப் படித்துக் காட்டினாலே போதும், விளக்கம் வேண்டியிராது.

நிலவன்:

ஆப்பிரிக்காவிலிருந்து இருவரைப் பரிந்துரைக்கிறேன்.

வங்காரி மாத்தாய் 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண். 1977இல் கென்யாவில் அவர் தொடங்கிய பசுமை வளைய இயக்கம், விறகும் தண்ணீரும் தேடி நெடுந்தூரம் நடந்த கிராமத்துப் பெண்களின் குறையைக் கேட்டதிலிருந்து பிறந்தது. நாற்று வளர்க்க வனவியல் படிப்பு வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். விதை ஊன்றத் தெரிந்த பெண்களுக்கு அது தேவையில்லை என்று அவர் செய்து காட்டினார். நட்டதற்காக அல்லாமல் பிழைத்த நாற்று ஒவ்வொன்றுக்கும் பெண்களுக்குச் சிறு தொகை கொடுக்கப்பட்டது. மரம் நடும் திட்டம் எதற்கும் இதைவிடச் சிறந்த விதியை நான் கண்டதில்லை. நைரோபியின் உஹுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் எழுப்ப 1989இல் அரசு முனைந்தபோது அவர் எதிர்த்து நின்றார். ஏளனமும் மிரட்டலும் வந்தன. கட்டடம் வரவில்லை, பூங்கா இன்றும் இருக்கிறது.

மற்றவர் நைஜீரியாவின் ஃபுன்மிலாயோ ரான்சம்-குட்டி. அபேயோகுட்டா நகரில் படித்த பெண்களின் மன்றமாக இருந்ததைச் சந்தை வியாபாரிப் பெண்களின் சங்கமாக மாற்றியவர். குடியேற்ற ஆட்சி உள்ளூர் மன்னர் வழியாக விதித்த வரியை எதிர்த்து அந்தப் பெண்கள் அணிதிரண்டு அவருடைய அரண்மனை முன் அமர்ந்தார்கள். 1949 ஜனவரியில் மன்னர் பதவியை விட்டு விலகும் நிலை வந்தது. இங்கிலாந்தில் படித்தவரான அவர், சந்தைப் பெண்கள் உடுத்தியதையே தாமும் உடுத்தி, ஆங்கிலேய அதிகாரிகளிடமும் யொருபா மொழியிலேயே பேசினார்.

இளவேனில்:

ஒரு மணி நேரத்தில் எல்லோரையும் அடக்க முடியாது. மூன்று அல்லது நான்கு பேர் போதும். ஆனால் ஃபேனி லூ ஹேமரை மட்டும் விட்டுவிட வேண்டாம். மிசிசிப்பியில் ஒரு குடும்பத்தின் 20 குழந்தைகளில் கடைசியாகப் பிறந்து, ஆறு வயதில் பருத்தி எடுக்கத் தொடங்கியவர். 1962இல் வாக்காளராகப் பதிவுசெய்ய முயன்ற நாளிலேயே, 18 ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு வினோனா சிறையில் அவரை அடித்த அடி, அவருடைய சிறுநீரகத்தை வாழ்நாள் முழுவதும் பாதித்தது. 1964 ஆகஸ்ட் 22 அன்று அட்லாண்டிக் சிட்டியில், ஜனநாயகக் கட்சியின் குழு முன் இவற்றை அவர் சாட்சியமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தொலைக்காட்சிகளின் கவனத்தைத் திருப்பக் குடியரசுத் தலைவர் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைச் சந்தித்தார். ஒளிபரப்பு துண்டிக்கப்பட்டது. அன்றிரவே தொலைக்காட்சி நிறுவனங்கள் அவர் பேச்சை ஒளிபரப்ப, நாடு முழுவதும் அதைக் கேட்டது.

அந்தச் சாட்சியத்தின் ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. பத்து நிமிடம்கூட ஆகாது. அவரைப் பற்றி நீங்கள் அறிமுகமாக நான்கு வரி சொல்லிவிட்டு, அதை முழுமையாக ஒலிக்க விடுங்கள். ஆங்கிலம் தொடர்வதில் சிரமம் உள்ளவர்களுக்காகத் தமிழ் எழுத்துவடிவத்தை முன்கூட்டியே கொடுத்துவிடலாம். மொழிபெயர்க்கத் துணை வேண்டுமென்றால் சொல்லுங்கள், பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.