கண்ணில் படாத ஒன்றைத் தேடுகிறவர்கள் காலையில் வேலைக்குப் போய் என்னதான் செய்வார்கள்?

நிலாச்சோறு:

அக்கா மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு பிஎஸ்சி பிசிக்ஸ்தான் சேர்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். யூடியூபில் ஏதோ பார்த்திருக்கிறான், டார்க் மேட்டர் தேடப் போகிறானாம். மாமாவுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேறு பேச்சே கிடையாது. நேற்று சாப்பிடும்போது அவர் கேட்டார்: "கண்ணுக்குத் தெரியாது, கருவியிலும் சிக்காது, இத்தனை வருஷமாக ஒருத்தரும் பிடிக்கவில்லை. அப்படி ஒன்றைத் தேடுகிறேன் என்று சம்பளம் வாங்குகிறவன் காலையில் ஒன்பது மணிக்குப் போய் என்னடா செய்வான்?" பையன் பிரபஞ்சம், பேரண்டம் என்று ஆரம்பித்தான், அவர் மோர் ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டார்.

நடுவில் மாட்டிக்கொண்டது நான். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன், எனக்கும் பதில் தெரியவில்லை. தத்துவம் வேண்டாம், இந்த வேலையில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் அன்றாடம் என்ன நடக்கும் என்று சொல்லுங்கள். தேடித் தேடிக் கடைசியில் அப்படி ஒரு பொருளே இல்லை என்று ஆகிவிட்டால் என்ன செய்வார்கள் என்பதையும் சொன்னால் நல்லது.

பழைய செனான்:

உங்கள் மாமா கேட்டதை நாங்களே டீ குடிக்கும்போது ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம், அதனால் கோபமில்லை. பிஎச்டியும் அதற்குப் பிறகு சில வருஷமும், செனான் என்ற வாயுவைத் திரவமாக்கி வைத்துக் கரும்பொருள் (பையன் சொல்கிற டார்க் மேட்டர்தான்) தேடுகிற ஆட்களோடு இருந்தேன். இப்போது வேறு வேலை.

ஏன் தேடுகிறார்கள் என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சூரியனிலிருந்து தள்ளிப்போகப் போக கிரகங்கள் மெதுவாகச் சுற்றும். நட்சத்திர மண்டலத்திலும் ஓரத்து நட்சத்திரங்கள் அப்படித்தான் மெதுவாகச் சுற்ற வேண்டும். வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா என்ற பக்கத்து மண்டலத்தை அளந்து 1970இல் வெளியிட்டார்கள், ஓரத்திலும் வேகம் குறையவில்லை. அதற்கும் முன்னால், 1933இலேயே, ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா என்ற மண்டலக் கொத்தில் இதே மாதிரி ஒரு கணக்கு இடிப்பதைச் சொல்லியிருந்தார். கண்ணுக்குத் தெரிகிற சரக்கை மட்டும் வைத்துக் கணக்கைச் சரிக்கட்ட முடியவில்லை. இன்றைய கணக்குப்படி பிரபஞ்சத்தில் உள்ள பொருளில் ஆறில் ஐந்து பங்கு நமக்குத் தெரியாத வகை. நீங்கள் கணக்கு எழுதுகிறவர், கல்லாவில் இருப்பதும் பேரேட்டில் இருப்பதும் ஆறுக்கு ஒன்று என்று வந்தால் தூக்கம் வருமா?

இனி வேலைக்கு வருவோம். அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவில் லீட் என்று ஒரு ஊர், அங்கே ஹோம்ஸ்டேக் என்ற பழைய தங்கச் சுரங்கம். அதில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் லக்ஸ்-செப்லின் என்ற கருவி இருக்கிறது. மொத்தம் 10 டன் செனான், அதில் 7 டன் உண்மையில் கவனிக்கப்படுகிற பகுதி, சுமார் மைனஸ் 100 டிகிரியில் திரவமாக டைட்டானியப் பாத்திரத்துக்குள், அதைச் சுற்றிப் பெரிய தண்ணீர்த் தொட்டி. (காற்றில் செனான் பத்துக் கோடியில் ஒன்பது பங்குகூட இல்லை என்பதை யோசித்துக்கொள்ளுங்கள், 10 டன் என்றால் என்ன விலை என்று மாமாவிடம் மட்டும் சொல்லாதீர்கள்.) கரும்பொருள் துகள் ஒன்று எப்போதாவது ஒரு செனான் அணுக்கருவில் இடித்தால் இரண்டு வெளிச்சம் வரும். இடித்த இடத்திலேயே ஒரு சின்ன மினுக்கு. அங்கே பிய்ந்த எலக்ட்ரான்கள் மின்புலத்தால் மேலே இழுக்கப்பட்டு, திரவத்துக்கு மேலே இருக்கிற வாயுவுக்குள் ஏறும்போது இன்னொரு மினுக்கு, இது பெரியது. மேலேயும் கீழேயும் 494 ஒளிக்குழாய்கள் இதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டு மினுக்குக்கும் நடுவில் உள்ள நேரம் எவ்வளவு ஆழத்தில் நடந்தது என்று சொல்லும், மேலே எந்தக் குழாயில் வெளிச்சம் அதிகம் என்பது எந்தப் பக்கம் என்று சொல்லும், முதல் மினுக்கையும் இரண்டாவதையும் ஒப்பிட்டால் இடித்தது அணுக்கருவிலா எலக்ட்ரானிலா என்று தெரியும்.

இதில் "தேடுவது" எங்கே? அதுதான் வேடிக்கை. கரும்பொருளைத் தேடுகிற வேலை நூற்றில் ஐந்து இருக்கும். மீதி எல்லாம் கரும்பொருள் அல்லாததைத் துரத்துவது. ஒரு வாழைப்பழத்தில் இருக்கிற பொட்டாசியத்தில் நொடிக்குச் சுமார் பதினைந்து அணு சிதைகிறது. எங்களுக்கு வேண்டியதோ வருஷத்துக்கு ஏதோ சில இடி. வானத்திலிருந்து வருகிற மியூவான் என்ற துகள்களின் மழையைத் தடுக்கத்தான் அத்தனை ஆழம். அங்கே போனால் பாறையே கதிர் விடும், பாறைக்காகத் தண்ணீர்த் தொட்டி. தண்ணீருக்குள் போனால் பாத்திரத்தின் உலோகம், ஸ்க்ரூ, கேபிள், ஒட்டுகிற பசை, எல்லாவற்றிலும் யுரேனியமும் தோரியமும் துளித்துளி உண்டு. ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கதிரை எண்ணுகிற ஜெர்மானியம் கவுன்ட்டரில் வாரக்கணக்கில் வைத்து அளந்து, இது தேறும் இது தேறாது என்று பட்டியல் போட்டே ஒரு மாணவன் பிஎச்டி முடித்துவிடலாம். காற்றிலிருக்கிற ரேடான் வேறு, உள்ளே நுழைந்தால் சிதைந்து சிதைந்து, கதிர் விடுகிற பேரன் பேத்தி எடுக்கும். செனானோடு கலந்து வருகிற, கதிர் விடுகிற கிரிப்டான்-85 வாயுவை கரித்தூள் நிரப்பிய குழாய்களில் செலுத்திப் பிரிக்க வேண்டும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். மேலே, பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு சின்ன சோதனைக் கலம். வெற்றிடம் பிடிக்கவில்லை, எங்கேயோ கசிகிறது. கசிவு கண்டுபிடிக்கும் கருவியைப் பம்ப்போடு மாட்டிவிட்டு, ஊசி முனையில் ஹீலியத்தை ஒவ்வொரு இணைப்பாகப் பீய்ச்சிக்கொண்டே போவோம், ஹீலியம் உள்ளே போனால் கருவி கூவும். கீழிருந்து ஆரம்பிக்கக் கூடாது, ஹீலியம் மேலே ஏறும், தப்பான இடத்தைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் எனக்கு அது மூன்றாவது நாள்தான் உறைத்தது. பதினொரு நாள். கடைசியில் ஒரு செப்பு கேஸ்கெட்டின் (இணைப்புக்கு நடுவில் வைத்து இறுக்குகிற வளையம்) குறுக்கே ஒரு நார், கையுறையிலிருந்து உதிர்ந்ததாக இருக்கும், தலைமுடியில் பாதிகூட இல்லை. காலை ஒன்பது மணிக்குப் போய் செய்தது அதுதான், பதினொரு நாளும்.

கருவி ஓட ஆரம்பித்த பிறகு முறை வைத்துக் காவல். ராத்திரி முழுக்க அழுத்தம், வெப்பநிலை, மின்னழுத்தம் என்று திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், எதுவும் நடக்காமல் இருந்தால் நல்ல ராத்திரி. பகலில் எல்லாரும் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள்தான், அதனால் மாமா ஆசைப்பட்ட கம்ப்யூட்டர் சயின்ஸும் பாதி வந்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது உப்புப் போடுவது. 2024 ஆகஸ்டில் லக்ஸ்-செப்லின் 280 நாள் தரவை வெளியிட்டார்கள். அதில் நடுநடுவே பொய்யான கரும்பொருள் இடிகளைத் தெரியாமல் கலந்து வைத்திருந்தார்கள், அதற்குத்தான் உப்பு என்று பெயர். ஆராய்கிறவனுக்கு எது நிஜம் எது உப்பு என்று தெரியாது. எந்த நிகழ்வை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்ற விதிகளை எல்லாம் முடிவு பண்ணிப் பூட்டிய பிறகுதான் உப்பை எடுப்பார்கள். ஆசை கண்ணை மறைக்கும் என்று தெரிந்து செய்த ஏற்பாடு. உப்பை எடுத்த பிறகு மிஞ்சியது பின்னணி, அதாவது கரும்பொருள் அல்லாத இடிகள் மட்டும்தான்.

சந்தேகசாமி:

நல்லாச் சொன்னீர்கள், ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இத்தாலியில் கிரான் சாஸ்ஸோ மலைக்கு அடியில் டாமா என்ற குழு கண்டுபிடித்துவிட்டோம் என்று 1990களின் கடைசியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறதே, அதை ஏன் யாரும் மதிப்பதில்லை? அவர்கள் சொன்னால் தப்பு, நீங்கள் ஒன்றும் காணோம் என்றால் அது அறிவியலா? அப்புறம் மில்க்ரோம் 1983இலேயே ஈர்ப்பு விதியைக் கொஞ்சம் திருத்தினால் கரும்பொருளே வேண்டாம் என்றார். சட்டை பொருந்தவில்லை என்றால் ஆளை மாற்றுவதை விட தையல்காரனை விசாரிப்பதுதான் முறை.

பழைய செனான்:

சாமி, தையல்காரரை நாங்களும் விசாரித்தோம்.

டாமாவை மதிக்கவில்லை என்று யார் சொன்னது? நம் சூரியன் நொடிக்குச் சுமார் 220 கிலோமீட்டர் வேகத்தில் நட்சத்திர மண்டலத்தைச் சுற்றுகிறது, அதனால் கரும்பொருள் எதிர்க்காற்று மாதிரி நம்மேல் வீசும். பூமி சூரியனை நொடிக்கு 30 கிலோமீட்டரில் சுற்றுவதால் ஜூனில் காற்று கூடும், டிசம்பரில் குறையும். டாமாவின் சோடியம் அயோடைடு படிகங்களில் அந்த ஏற்ற இறக்கம் வருஷா வருஷம் வந்தது, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஜூனில் ஏறி டிசம்பரில் இறங்குவது கரும்பொருள் மட்டுமா? அதனால்தான் அதே வகைப் படிகத்தை வைத்து ஸ்பெயினில் அனாய்ஸ், கொரியாவில் கோசைன்-100 என்று இரண்டு குழு வருஷக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தது. அங்கே அது வரவில்லை. மதிக்காத ஒன்றுக்காக யாரும் இன்னொரு மலையைக் குடைந்து உட்கார மாட்டார்கள்.

எங்கள் பக்கமும் ஆசைப்பட்டோம், ஒளிப்பானேன். 2020இல் அதே கிரான் சாஸ்ஸோவில் செனான்1டி குழு, குறைந்த ஆற்றல் பகுதியில் 232 நிகழ்வு எதிர்பார்த்தோம், 285 வந்தது என்று அறிவித்தது. சூரியனிலிருந்து வருகிற ஆக்ஸியான் (இதுவரை யாரும் பார்க்காத, ரொம்ப லேசான ஒரு துகள்) என்றார்கள், கட்டுரை கட்டுரையாக வந்து விழுந்தது. அவர்களே அந்த அறிக்கையில் கொஞ்சூண்டு டிரிட்டியமாகவும் (கதிர் விடுகிற ஹைட்ரஜன்) இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். இன்னும் சுத்தமாகக் கட்டிய செனான்என்டி 2022இல் பார்த்தபோது அந்தக் கூடுதல் நிகழ்வுகளே இல்லை. அந்த வாரம் எங்கள் குழு மீட்டிங்கில் யாரும் அதிகம் பேசவில்லை.

மில்க்ரோமின் விதி தனி மண்டலங்களுக்கு ஆச்சரியமாகப் பொருந்துகிறது, ஒத்துக்கொள்கிறேன். மண்டலக் கொத்துகளுக்குப் போனால் அப்போதும் பொருள் போதவில்லை. குண்டுக் கொத்து என்று ஒன்று, இரண்டு கொத்துகள் மோதிக் கடந்தது. சாதாரணப் பொருளில் பெரும்பங்கான சூடான வாயு மோதி நடுவில் தேங்கிவிட்டது, ஒளியை வளைக்கிற எடை மட்டும் வாயுவை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் முன்னால் போய்விட்டது. 2006இல் அந்தப் படம் வந்ததிலிருந்து விதியைத் திருத்தினால் போதும் என்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் துகள் இப்படித்தான் இருக்கும் என்று எங்களுக்கு இருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது என்பதும் நிஜம். கனமான துகள் என்றுதான் முப்பது வருஷம் ஓடினோம். இப்போது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஏடிஎம்எக்ஸ் குழு, ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி, பலமான காந்தத்துக்குள் ஒரு செப்பு உருளையை வைத்து அலைவரிசையைத் துளித்துளியாகத் திருகி ஆக்ஸியானைத் தேடுகிறது.

மாரிக்குப்பம் பேரன்:

நான் பிசிக்ஸ் ஆள் இல்லை. ஆனால் தங்கச் சுரங்கம் என்றதும் நிற்க முடியவில்லை. தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர், எங்கள் ஊரில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலும் தமிழாட்கள்தான். நாகரிகமாக உடுத்திய பம்பாய்க்காரர்கள் சிலர் தங்கம் எடுக்காத ஒரு மூலையில் பெட்டி பெட்டியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், என்ன சாமி தோண்டுறீங்க என்று கேட்டால் மேலிருந்து வருவதைப் பிடிக்கிறோம் என்பார்கள் என்று தாத்தா சொல்லிச் சிரிப்பார். ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, காற்று மண்டலத்தில் பிறக்கிற, எதிலும் எளிதில் சிக்காத நியூட்ரினோ என்ற துகளை 1965இல் உலகத்திலேயே முதலில் பார்த்த இடங்களில் எங்கள் சுரங்கமும் ஒன்று, இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே. பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தோடு ஜப்பான், இங்கிலாந்து ஆட்களும் சேர்ந்து செய்தது. 2001இல் சுரங்கத்தை மூடினார்கள், இப்போது கீழே எல்லாம் தண்ணீர்.

செனான் சார், ஹோம்ஸ்டேக்கில் இறங்கும்போது எப்படி இருந்தது?

பழைய செனான்:

பேரன், உங்கள் தாத்தா இறங்கிய மாதிரிதான். காலையில் பலகையில் தொங்குகிற நம் பெயர்ப் பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு போக வேண்டும், திரும்பி வந்ததும் மாட்ட வேண்டும், ஒரு வில்லை குறைந்தால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். தலையில் விளக்கு, இடுப்பில் புகை வந்தால் மூச்சுவிடுகிற கருவி. கூண்டில் தோளோடு தோள் ஒட்டி நின்று பத்து நிமிஷம் இருட்டில், காது அடைக்கும். கீழே போனதும் பூட்ஸைக் கழுவி, உடை மாற்றி, அதற்கப்புறம் பார்த்தால் ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளை அறை.

அந்த அறை இருக்கிற குகைக்கு டேவிஸ் பெயர். நிலாச்சோறு கேட்ட இரண்டாவது கேள்விக்கு அந்த ஆளே பதில். ரே டேவிஸ் 1960களில் அதே இடத்தில் துணிகளை டிரை கிளீனிங் செய்கிற திரவத்தைச் சுமார் நாலு லட்சம் லிட்டர் தொட்டியில் நிரப்பி சூரிய நியூட்ரினோவை எண்ணினார். கணக்குப்படி வர வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. முப்பது வருஷம் அவர் எண்ணத் தெரியாதவர் என்றும் சூரியக் கணக்கு தப்பு என்றும் மாறி மாறிச் சொன்னார்கள். இரண்டும் சரியாகவே இருந்தது, நியூட்ரினோதான் வழியில் அவர் தொட்டியில் சிக்காத வகையாக மாறிக்கொண்டிருந்தது. 2002இல் நோபல் கொடுத்தபோது அவருக்கு எண்பத்தெட்டு வயசு. கரும்பொருளில் அப்படி ஒரு திருப்பம் வருமா, வெறுங்கையோடு போவோமா, சொல்லத் தெரியாது. நடுவில் வேறு எதாவது கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. செனான்1டி தேடிய பாதையில், செனான்-124 சிதைவதை 2019இல் நேரடியாகப் பார்த்துவிட்டார்கள், அதன் அரை ஆயுள் பிரபஞ்சத்தின் வயதைப் போல லட்சம் கோடி மடங்குக்கும் மேல்.

நிலாச்சோறு:

எல்லாருக்கும் நன்றி. இதை அப்படியே மாமாவிடம் படித்துக்காட்டினேன். சூரியன், நியூட்ரினோ எல்லாம் காதில் வாங்கவில்லை. உப்புப் போடுகிற விஷயத்தில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார், எங்கள் கடையில் ஆடிட்டர் இப்படித்தான் ஒரு பொய் பில்லை நடுவில் சொருகிப் பார்ப்பார் என்றேன், "அப்போ கணக்குப் பார்க்கிற வேலைதான்" என்றார். பையன் இன்னும் பிசிக்ஸ்தான், ஆனால் இப்போது பேச்சு எந்தக் கல்லூரி என்கிற அளவுக்கு வந்திருக்கிறது.

அவனுக்கு ஒரே ஒரு கேள்வி. பதினொரு நாள் கழித்து அந்த நார் கிடைத்ததே, அப்புறம் என்ன செய்தீர்கள்?

பழைய செனான்:

அந்த கேஸ்கெட்டைக் கழற்றிப் புதுசு போட்டோம், ஒரு முறை இறுக்கினால் செப்பு நசுங்கிவிடும், மறுபடி ஆகாது. பம்ப்பை ஓடவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். காலையில் வந்து பார்த்தால் இன்னொரு இடத்தில் கசிந்தது.