தனுஷ்கோடிக் கழியில் பூநாரை பார்க்க மறைவிடம் கட்டலாமா?

வைகைக்கரை:
ஜனவரி கடைசியில் மதுரையிலிருந்து நாலு பேர் ராமேசுவரம் போகிறோம். கோதண்டராமர் கோயில் பக்கத்து உப்பங்கழியில் பூநாரை, உள்ளான் மாதிரி சின்னக் கரைப்பறவைகளை ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்க ஆசை. நாலடி சதுரத்துக்கு பிவிசி குழாயில் சட்டம் போட்டு, நர்சரிக்குக் கட்டுகிற பச்சை நிழல்வலையைச் சுற்றியிருக்கிறோம். சாமநத்தம் கண்மாயில் வைத்துப் பார்த்ததில் நத்தைகுத்தி நாரைகூட கிட்டே வரவில்லை. எதை மாற்றணும்?

பாம்பன்காற்று:
சட்டத்தை மதுரையிலேயே வைத்துவிட்டு வாங்க. 2025 ஜூனில் அந்தப் பகுதியை, ஏறத்தாழ 525 ஹெக்டேர், பெரும்பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்துவிட்டது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே எதையும் ஊன்றக்கூடாது. அனுமதி கிடைத்தாலும் அந்தக் காற்றுக்கு பிவிசி நிற்காது. மணலில் அடித்த முளைக்குச்சி பிடிக்காது. சிமெண்ட் சாக்கில் மணல் நிரப்பி ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து, அதில்தான் கயிறு கட்டணும்.

உங்கள் காரே போதும். ஓரமாய் நிற்கிற வண்டியைப் பறவைகள் மனுஷனாக எடுத்துக்கொள்வதில்லை. கதவைத் திறந்து ஒரு ஆள் இறங்கினால்தான் மொத்தக் கூட்டமும் எழும்பும். அதனால் கழிப் பக்கத்து ஜன்னலை மட்டும் இறக்குங்க. எதிர்ப்பக்க ஜன்னலில் கறுப்புத் துணி கட்டுங்க, இல்லாவிட்டால் வெளிச்சத்தில் உங்கள் தலை அசைவது அப்படியே நிழலுருவாகத் தெரியும். ஒரு கிலோ அரிசி போட்ட துணிப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்து, அதன்மேல் லென்ஸை அமர்த்துங்க. இன்ஜினை அணைத்துவிடணும், அந்த அதிர்வில் படம் ஆடும். தார் ரோட்டை விட்டுச் சக்கரத்தை இறக்காதீங்க, புதைந்துவிடும்.

கண்மாய்க்கரை:
சாமநத்தத்தில் நடந்ததற்கு நிறம் காரணம் இல்லை தம்பி. நிழல்வலை காற்றில் படபடக்கும், அந்த அசைவுதான் பறவையை விரட்டுகிறது. இன்னொன்று, வெயில் முதுகுப்பக்கம் இருந்தால் வலைக்குள் உட்கார்ந்திருப்பவர் உருவம் வெளியே தெரியும். பழைய சணல் சாக்குகளைத் தைத்து, சட்டத்தின் வெளிப்புறம் இழுத்துக் கட்டுங்க. விரலால் தட்டினால் மேளத்தோல் மாதிரி விறைப்பாக இருக்கணும். முதுகுப்பக்கம் இரண்டு அடுக்கு. பார்க்கிற துவாரம் ஒரு சாண் அகலம், முக்காலியில் உட்கார்ந்தால் கண் வருகிற உயரத்தில், ஏறத்தாழ மூன்றரை அடியில்.

கண்மாயில் விடியுமுன் மறைவிடத்துக்குள் போயிடணும். வெளிச்சம் வந்துவிட்டால் மூன்று பேராகப் போய் இரண்டு பேர் திரும்பி நடங்க. ஆட்கள் விலகிவிட்டார்கள் என்று பெரும்பாலும் பறவைகள் நம்பிவிடும்.

கூடு கட்டியிருக்கிற கருவேல மரத்துக்குக் கிட்டே மட்டும் வைக்கவே கூடாது. தாய் எழுந்து போன கால் மணி நேரத்தில் காக்கை முட்டையைத் தூக்கிவிடும், வெயிலில் குஞ்சும் வாடும். இதில் சமரசமே வேண்டாம்.

வைகைக்கரை:
நன்றி அண்ணே. அப்ப காரிலேயே போறோம். எந்த நேரம் நல்லது?

பாம்பன்காற்று:
இரவில் அந்த ரோட்டில் போகவிட மாட்டார்கள், காலை திறந்ததும் வந்துவிடுங்க. அன்றைய ஓத நேரத்தையும், அதாவது கடல்நீர் ஏறி இறங்குகிற நேரத்தையும், பார்த்து வையுங்க. இங்கே ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட இல்லை. ஆனால் சேறு தட்டையானது, ஒரு சாண் தண்ணீர் ஏறினாலே பெரிய பரப்பு மூடிவிடும். உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கரையோரம் ஒதுங்கும். ஏற்றம் முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே வண்டியை நிறுத்தி அசையாமல் இருந்தால், அவை தானாக உங்களை நோக்கி வரும். திட்டில் ஒற்றைக்காலில் தூங்குகிற பறவைகளை நெருங்காதீங்க. மார்ச், ஏப்ரலில் வடக்கே பறக்கச் சேர்க்கிற கொழுப்பு ஒவ்வொரு எழும்பலிலும் கரையும்.

பத்து மணிக்கு மேல் வெப்பத்தில் கானல் எழும். அறுபது மடங்கு பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கி (ஸ்கோப்) இருந்தாலும் முப்பதைத் தாண்டினால் எல்லாம் நெளியும். லென்ஸில் உப்புத்துளி பட்டால் உலர்ந்த துணியால் துடைக்காதீங்க, மணல் கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீர், பிறகு துணி.

மேய்கிற பூநாரை ஒன்றை மட்டும் பத்து நிமிஷம் விடாமல் பாருங்க. அலகைத் தலைகீழாய்க் கவிழ்த்து, கால்களால் சேற்றை மிதித்தபடி ஒரே இடத்தில் சுற்றும். தண்ணீர் வற்றியதும் அந்த இடத்தில் நடுவில் மேடு வைத்த வட்டப் பள்ளங்கள் தெரியும். சாம்பல் நிறத்தில் குட்டையாக நிற்பவை இளசுகள், வேறு இனம் இல்லை. மேய்ச்சலை நிறுத்திக் கழுத்துகள் எல்லாம் நிமிர்ந்து, கூட்டம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நீங்கள் கிட்டே வந்துவிட்டீங்க என்று அர்த்தம். வண்டியை மெதுவாகப் பின்னால் எடுங்க.