புதுப்பிப்பு: வீட்டிலேயே ஹைலைட்ஸ் போட்டாச்சு

பார்லரில் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, வீட்டிலேயே ஹைலைட்ஸ் (முடியில் சில கற்றைகளை மட்டும் வெளுப்பது) போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, போட்டாச்சு, முடியும் தலையில்தான் இருக்கிறது. பிளீச் பொடியோடு கலக்கும் திரவமான டெவலப்பரில் 40 வால்யூம் வீரியம் உள்ளதை வாங்கு, சீக்கிரம் வெளுக்கும் என்று சிலர் சொன்னீர்கள். நான் 20-தான் எடுத்தேன், அதில் ஹைட்ரஜன் பெராக்சைடு 6 சதவீதம், 40-இல் 12, கண்ணாடியைப் பார்த்துத் தடவுகிறவர்களுக்கு அந்த அவசரம் எதற்கு?

நம் கறுப்பு முடி நேராகப் பொன்னிறத்துக்குப் போகாது, முதலில் செம்பட்டை, அப்புறம் ஆரஞ்சு, அதற்கும் அப்புறம்தான் மஞ்சள். நான் ஆரஞ்சிலேயே நிறுத்திவிட்டேன். நீல ஷாம்பு போட்டதும் தேன் நிறமாக அடங்கியது. எல்லோரும் சொல்லும் ஊதா ஷாம்பு மஞ்சளுக்குத்தான். பின்பக்கம் முழுக்க அக்காதான் கற்றைகளைச் சுற்றும் ஃபாயில் தாளை வைத்தாள், தனியாக முடியவே முடியாது.

மருதாணி போட்ட முடியில் பிளீச் போடலாமா என்று கேட்டவருக்கு: கடைப் பாக்கெட்டில் உலோக உப்பு கலந்திருந்தால் பிளீச் பட்டதும் முடி சூடேறி அறுந்து போகலாம், சீப்பில் வந்த முடியில் முதலில் தடவிப் பாருங்கள். வேரிலிருந்து ஒரு விரல் தள்ளியே தொடங்குங்கள், தலைச்சூட்டில் அந்த இடம் சீக்கிரம் வெளுத்துவிடும்.