ஏர் ரைபிள் ஃபிரண்ட் சைட் ஓட்டையில் மரை போய்விட்டது: எம் 4 டேப் அடிக்கலாமா, பசை போதுமா?

வேளிமலை
தக்கலைப் பக்கம் இருக்கிறேன். 0.177 அங்குல (குழல் உள்விட்டம் 4.5 மி.மீ.) ஸ்பிரிங் ஏர் ரைபிள், பேரலை மடக்கி லோடு செய்கிற வகை. ஃபிரண்ட் சைட் (குறி பார்க்கும் முன்முனை) ஒரே ஒரு எம் 3 (3 மி.மீ.) ஸ்க்ரூவில்தான் பேரல் மேல் நிற்கிறது. இப்போது ஸ்க்ரூ சும்மா சுற்றுகிறது, இறுகவில்லை. வெர்னியரில் பார்த்தேன்: பேரல் வெளிவிட்டம் 15 மி.மீ., ஓட்டை ஆழம் 3 மி.மீ. பட்டறையில் "எம் 4 டேப் அடிச்சுத் தாறேன்" என்கிறார்கள், அதாவது ஓட்டையைப் பெரிதாக்கி 4 மி.மீ. ஸ்க்ரூவுக்குப் புது மரை வெட்டுவது. கூட்டாளி ஒருவர் பேரலில் டிரில்லே வைக்காதே, அரால்டைட் (எப்பாக்சி பசை) போதும் என்கிறார். எதைக் கேட்க?

லேத்துக்காரன்
பட்டறை சொன்னதாக்கும் சரி. மரை போன ஓட்டைக்கு அடுத்த சைஸ் போடுவது காலங்காலமாகச் செய்கிற வேலை. 3.3 டிரில், எம் 4 டேப், முடிஞ்சு. கொளச்சல் படகு என்ஜினுக்கெல்லாம் இதைத்தான் செய்கிறோம். பசை போட்டு இரும்பை ஒட்டுவது வேலையே இல்லை தம்பி.

குறிமுனை
அண்ணாச்சி, என்ஜின் பிளாக்கில் இரும்பு தாராளமாக இருக்கும். இங்கே கணக்கைப் பாருங்கள். 15 கழித்தல் 4.5, அதில் பாதி: சுவர் கனம் 5.25 மி.மீ. ஓட்டை 3 போய்விட்டது, மீதி இரண்டே கால். டிரிலின் கூர்முனை மட்டும் 3.3 சைசுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. நீளம். கை கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் குழலுக்குள், பெல்லட் ஓடும் துளைக்குள், போய்விடும். பேரல் முனையில் குழல் கெட்டால் பெல்லட் எங்கே போகும் என்று சொல்லவே முடியாது. பேரலைத் திரும்ப வாங்க முடியாது, சைட்டை வாங்கலாம். நான் பசைப் பக்கம்.

லேத்துக்காரன்
கையில பிடிச்சு யாரு டிரில் போடச் சொன்னா? வி பிளாக்கில் வைத்து, மில்லிங் மெஷினில், ஆழத்துக்கு ஸ்டாப் வைத்துச் செய்ய வேண்டிய வேலை. இருக்கிற ஓட்டையை அகலம் மட்டும் பண்ணணும், ஆழம் பண்ணப்பிடாது. அடியைத் தட்டையாக்க எண்ட் மில் இருக்கு. கடைசி டேப்பால் அடிவரை மரை எடுக்கலாம். பசை எத்தனை நாள் நிற்கும்? அதைச் சொல்லுங்க.

குறிமுனை
அது சைட்டின் வகையைப் பொறுத்தது. பேரலைச் சுற்றி வளையம்போல் மாட்டுகிற சைட் என்றால் ஸ்க்ரூவுக்கு வேலை குறைவு. நகராமல், திரும்பாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஓட்டையை அசிட்டோனால் எண்ணெய் பிசுக்கு இல்லாமல் துடைத்து, ஸ்க்ரூவில் மெழுகு தடவி, இரும்புத்தூள் கலந்த எப்பாக்சியை நிரப்பித் திருகினால் பசையிலேயே மரை பதிந்துவிடும். ஏர் ரைபிளில் பேரல் சூடாகாது, அதனால் உருகும் பேச்சே இல்லை. வெடிமருந்துத் துப்பாக்கிக்கு இந்த யோசனையைச் சொல்ல மாட்டேன். அதைப் பழுது பார்க்கவே தனி உரிமம் வேண்டும், 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவு. சாதாரண லேத்துப் பட்டறை தொடக்கூடாது.

வேளிமலை
வளையம் இல்லை அண்ணே. அடி வளைந்த சைட், பேரல் மேல் சும்மா உட்காருகிற மாதிரி. ஸ்க்ரூவை விட்டால் பிடி வேறு எதுவுமே இல்லை.

லேத்துக்காரன்
பாத்தியளா! மடக்கும்போது சைட்டில் கை வைத்துத்தான் பாதிப் பேர் இழுக்கிறார்கள். அந்த இழுப்பு முழுக்க ஸ்க்ரூவில். மரை போனதே அதனாலதான் இருக்கும். ஸ்பிரிங் ரைபிள் முன்னும் பின்னுமாக உதறவும் செய்யும். எப்பாக்சி மரை இதற்குத் தாங்காது.

குறிமுனை
இந்த வகை சைட் என்றால் பசையை நானும் சொல்ல மாட்டேன். ஆனாலும் எம் 4 வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. எம் 3 பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 0.5 மி.மீ., மூன்று மி.மீ. ஆழத்தில் ஆறு மரை கிடைக்கும். சாதாரண எம் 4 பிட்ச் 0.7, நாலுதான் கிடைக்கும். ஓட்டையைப் பெரிதாக்கி மரையைக் குறைத்துக்கொள்வதில் என்ன லாபம்? அமெரிக்கத் துப்பாக்கி வேலைக்காரர்கள் 6-48 ஸ்க்ரூ (அங்குலத்துக்கு 48 மரை) மரை போனால் 8-40 போடுவது இதற்காகத்தான், இரண்டும் நுண்மரை. நமக்கு எம் 4 × 0.5 டேப் வேண்டும், துளை 3.5. இல்லையென்றால் எம் 3 சுருள் மரை இன்செர்ட், ஓட்டைக்குள் புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள். அதற்குத் துளை 3.2 பக்கம் போதும், பழைய ஸ்க்ரூவும் அப்படியே சேரும்.

லேத்துக்காரன்
மரை எண்ணிக்கை மட்டும் பார்த்தால் ஆகாது. எம் 4 விட்டம் கூட, ஒவ்வொரு மரையும் கூடுதல் தாங்கும். நாலு மரை இந்த ரைபிளுக்குத் தாராளம். எம் 4 × 0.5 டேப் நாகர்கோவில் கடையில் கேட்டதும் எடுத்துத் தருகிற சாமான் இல்லை. ஆனா இன்செர்ட் யோசனை நல்லது, அதை ஒத்துக்கிடுதேன். இரும்பும் குறைவாத்தான் போகும்.

குறிமுனை
எதைப் போட்டாலும் ஸ்க்ரூ நீளம் முக்கியம் வேளிமலை. அடியில் முட்டி இறுகினால் மெல்லிய சுவர் உள்ளே தள்ளிக் குழலில் மேடு விழும். முனை அரை மி.மீ. அளவு தள்ளி நிற்கும்படி ராவிக்கொள்ளுங்கள். சைட்டை ஏனோதானோ என்று விடாதீர்கள். இரண்டு சைட்டுக்கும் இடையே 450 மி.மீ. இருந்தால், முன்னது 0.1 மி.மீ. அசைந்தாலே 10 மீட்டரில் அடி 2 மி.மீ.க்கு மேல் விலகும். போட்டி அட்டையில் பத்துப் புள்ளியின் விட்டமே 0.5 மி.மீ.தான்.

வேளிமலை
அப்போ இன்செர்ட்தான் கேட்கப் போகிறேன். மரையில் லாக்டைட் (ஸ்க்ரூ தானாகக் கழலாமல் பிடிக்கும் பசை) போடலாமா?

லேத்துக்காரன்
நீல 243 ஒரு சொட்டு, சிவப்பு வேண்டாம், பிறகு கழற்றப் பாடுபடணும். டிரில் போடும்முன் குழலில் துணி அடைச்சு வையி, பிசிறு உள்ளே போகாது. ஸ்க்ரூவை இறுக்கின பிறகு ஒரு பெல்லட்டைக் குச்சியால் மெதுவாகத் தள்ளிப் பாரு. அந்த ஓட்டைக்கு நேரே புதுசா இறுக்கம் தட்டினால் ஸ்க்ரூ நீளம் கூடுதல். கழற்றி இன்னும் ராவணும்.